தினமுமா சார்?

என் அறைக்கு வருகிற யாரையும் நான் நிற்க வைத்துப் பேசியதில்லை. துப்புரவுப் பணியாளர் வந்தாலும் சரி, டீன் வந்தாலும் சரி, முதலில் உட்காருங்கள் என்பேன். நீங்களும் என்னைப் பார்த்தவுடன் உட்காரச் சொன்னீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. விசாரிக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்த மரியாதை தெரிவதில்லை.

நீங்கள் மருத்துவர் இல்லை என்றார்கள். நல்லதுதான். எங்கள் ஆட்களாக இருந்தால் பாதி சொல்வதற்குள் தலையாட்டிவிடுவார்கள். உங்களுக்கு முதலிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கும் ஒழுங்காக நினைத்துப் பார்க்க அது உதவும்.

முப்பத்தோரு வருடமாகப் பொது மருத்துவப் பிரிவில் இருக்கிறேன். கடைசிப் பதினான்கு வருடம் யூனிட்டின் தலைமை மருத்துவர். இந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு பயிற்சி டாக்டரைக்கூடத் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் எங்கள் தலைமை மருத்துவருக்குப் பசங்க வைத்திருந்த பெயர் 'பெல்ட்'. கேஸ் ஷீட்டைச் சுழற்றி முகத்தில் எறிவார். நோயாளி முன்னாலேயே, "உன்னையெல்லாம் பெத்தவங்க பாவம்" என்பார். எனக்கு இருபத்துமூன்று வயதில் வயிற்றுப்புண் வந்தது அவரால்தான். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த மனிதர் மாதிரி மட்டும் ஆகக் கூடாது என்று. ஆகவும் இல்லை. எனக்குப் பசங்க வைத்த பெயர் 'பஞ்சு'. அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி குறைவாகப் பேசுகிறவள். மகன் வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறான். நாலு வருடமாகப் போன் செய்ய அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்காக அவனை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. காலையில் கடவுளைக் கும்பிடும்போது அவன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் வேலைக்கு நடுவில் வெள்ளைக் கோட்டைக் கழற்றி, வாஷ்பேசினில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுவிட்டு நடந்து போய்விட்டான். திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகுதான் நிர்வாகத்துக்குப் புத்தி வந்தது. 'பயிற்சி மருத்துவர் நலக்குழு' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். யாரைத் தலைவராகப் போடுவது என்று பேச்சு வந்தபோது, என்னைத் தவிர வேறு யார் பெயரும் யாருக்கும் தோன்றவில்லை. எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் பழைய படுக்கைகள் அடைத்து வைத்திருந்த ஒரு அறையைக் காலி செய்து வெள்ளையடித்து, இரண்டு மெத்தை நாற்காலி, தண்ணீர் ஜாடி, கண் துடைக்கக் காகிதப் பெட்டி எல்லாம் வாங்கிப் போட்டேன். பன்னிரண்டு விதிகள் எழுதி அச்சடித்து எல்லா வார்டிலும் ஒட்டினேன். 'பயிற்சி மருத்துவரும் மனிதரே' என்பது தலைப்பு. முதல் விதி, உட்கார வைத்துப் பேசுங்கள். நான்காவது, நோயாளி முன்னால் அவமானப்படுத்தாதீர்கள். ஒன்பதாவது, தவறு செய்துவிட்டவரைத் தனியாக விடாதீர்கள்.

ஒன்பதாவது விதியை நான் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தேன். நடந்தது அவ்வளவுதான்.

அந்தப் பயிற்சி டாக்டர் பெண்ணை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது என்று வார்டு சிஸ்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். பிடிக்காது என்பது பெரிய வார்த்தை. அவள் கொஞ்சம் களைப்பூட்டுகிற பெண், அவ்வளவுதான். அப்பா லாரி ஓட்டுகிறவர். அந்த வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் அவள்தான். ஒல்லியாக இருப்பாள். அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டியிருப்பாள், அது மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரைக்கும் ஓடும்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். காலையில் ரவுண்ட்ஸ் போவோம். ஒவ்வொரு படுக்கையாக நின்று, என்ன மருந்து, எவ்வளவு, எப்போது என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். பயிற்சி டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். கடைசியில் எல்லாவற்றுக்கும் மொத்தமாக நான் கையெழுத்துப் போடுவேன். எழுதியிருப்பதைப் பார்த்து நர்ஸ்கள் மருந்து கொடுப்பார்கள். நான் வாய், அவர்கள் கை. எழுதியதை ஒரு தடவை திருப்பிப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பழைய நடைமுறை ஒன்று உண்டு. யாரும் செய்வதில்லை. நாற்பது நோயாளிகளை வைத்துக்கொண்டு அதெல்லாம் ஆகிற காரியமில்லை. இவள் மட்டும் செய்வாள். "அரை மாத்திரையா சார்?" "சாப்பாட்டுக்கு முன்னாலயா சார்?" ஒரு ரவுண்ட்ஸில் முப்பது 'சார்' வரும். ஒவ்வொன்றுக்கும் நான் நின்று திரும்ப வேண்டும்.

பெல்ட்டாக இருந்தால் இரண்டாவது நாளே அழ வைத்திருப்பார். நான் சிரித்துக்கொண்டே சமாளித்தேன். "உனக்குக் காது வாடகைக்கு எடுத்ததாம்மா?" என்பேன். மற்ற பசங்க சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு அடுத்த படுக்கையில் மறுபடியும் கேட்பாள். நீங்கள் அதைக் கேலி என்று எழுதிக்கொள்ளலாம். நான் கலகலப்பு என்றுதான் சொல்வேன்.

ஏழாம் நம்பர் படுக்கையில் ஒரு தச்சர் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. மூட்டெல்லாம் வீங்கி, விரல்கள் மடங்காமல் போன நோய். மறுபடியும் உளி பிடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் பேச்சு. சட்டைப் பொத்தானை அவரால் போட முடியாது. இந்தப் பெண் தினம் காலையில் ரவுண்ட்ஸுக்கு முன்னால் போய் அவருக்குப் பொத்தான் போட்டுவிடுவாள். "பாப்பா, மேல் பொத்தான் வேணாம், கழுத்தை நெரிக்குது" என்பார் அவர். "பெரிய டாக்டர் வர்றாரு, கம்பீரமா இருக்க வேணாமா?" என்பாள் இவள். நான் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடத்தில் ஒருவருக்கு ரத்தம் எடுத்துவிடலாம்.

அவருக்கு இரண்டு மாத்திரை. ஒன்று மூட்டு நோய்க்கானது, வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் கொடுக்க வேண்டும். தினமும் கொடுத்தால் அது ரத்தத்தையே அழித்துவிடும். மற்றது அதன் சூட்டைத் தணிக்கிற சத்து மாத்திரை. அதை மற்ற நாளெல்லாம் கொடுக்கலாம். இரண்டும் சின்னது, இரண்டும் மஞ்சள். ஒரு திங்கட்கிழமை காலையில் அதைத் தொடங்கினோம். கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது தலைகீழாக. மூட்டு மாத்திரை தினமும், சத்து மாத்திரை வாரம் ஒரு நாள். அவளுடைய கையெழுத்துதான். மணிமணியான கையெழுத்து, அதில் சந்தேகமே இல்லை. கீழே என் கையெழுத்து.

மறுநாளிலிருந்து வார்டு சிஸ்டர் விடுப்பு. முட்டி அறுவை சிகிச்சை. அவர் இருந்திருந்தால் இரண்டாவது நாள் மாத்திரையை எடுக்கும்போதே கேட்டிருப்பார். அவருக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு நாள் என்று வந்து போனவர்கள், எழுதியிருந்ததைப் பார்த்துக் கொடுத்தார்கள். ஆறாவது நாள் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "சார், தச்சருக்கு வாயெல்லாம் புண்ணா இருக்கு. தண்ணி குடிக்கவே அழறாரு" என்றாள். சத்துக் குறைவு, வாய் கொப்பளிக்க மருந்து எழுது என்றேன். எழுதினாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல். பதிமூன்றாம் நாள் காலையில் அவர் இறந்தார்.

கேஸ் ஷீட்டை வரவழைத்து என் அறையில் தனியாகப் படித்தேன். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பிறகு அவளை நலக்குழு அறைக்குக் கூப்பிட்டனுப்பினேன். உட்கார வைத்தேன். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கதவைச் சாத்தினேன்.

"தச்சரோட ஷீட்டைப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்." அவளுக்கும் அதற்குள் தெரிந்திருந்தது.

"வாரத்துக்கு ஒரு நாள்னுதான் நான் சொன்னேன். நீ தினமும்னு எழுதியிருக்க. படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. அதை நான் எங்க வேணாலும் ஒத்துக்குவேன்."

"சார், நான் திருப்பிக் கேட்டேனே சார். தினமுமா சார்னு கேட்டேன்."

"கேட்டியா?"

அதற்குமேல் ஒரு நிமிடம் நான் ஒன்றும் பேசவில்லை. மன ஆலோசனைப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. எதிரில் இருப்பவர் யோசிக்க மௌனத்தை விட்டுவைக்க வேண்டும்.

"அன்னிக்கு எத்தனை மணி நேரம் தூங்காம இருந்த?"

"முப்பத்திரண்டு மணி நேரம் சார்."

"என்ன சாப்பிட்டிருந்த?"

"ரெண்டு பிஸ்கெட்."

"முப்பத்திரண்டு மணி நேரம் தூங்காத மூளை, ரெண்டு பிஸ்கெட். அது கேக்காததைக் கேட்ட மாதிரி காட்டும்மா. சொன்னதை மாத்திக் காட்டும். இதுல உன்னைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. உன் களைப்பு பண்ண வேலை."

அவள் அழுதாள். காகிதப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அந்த டூட்டி அட்டவணையில் கையெழுத்துப் போட்டதும் நான்தான் என்பதை நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். பன்னிரண்டு விதியில் ஐந்தாவது தூக்கத்தைப் பற்றியது. இடம் போதாமல் அதைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் அச்சடிக்க வேண்டியதாயிற்று.

அவள் கேட்டாளா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். கேட்டாள்.

"மூட்டு மாத்திரை தினமுமா சார்?" என்று தெளிவாகக் கேட்டாள். பேனாவைத் தாளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நொடி நான் நிதானித்திருந்தால் போதும். ஆனால் அதற்குமுன் அன்று அவள் இருபத்தாறு தடவை கேட்டுவிட்டிருந்தாள். என் காதில் அவள் குரல் விழுந்தது, கேள்வி விழவில்லை. "தினமும்தான்மா. நீ தினமும் சாப்பிடறதில்லையா? உன்னைப் பாத்தா வாரத்துக்கு ஒரு தடவைதான்னு தெரியுது" என்றேன். சுற்றி நின்ற ஐந்து பயிற்சி டாக்டர்களும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரித்தார். தச்சரும் பாவம், எதற்கென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார். அவள் எழுதினாள்.

கேஸ் ஷீட்டைப் படித்தபோது என் அறையில் எனக்கு இது முழுவதும் நினைவுக்கு வந்தது. அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். நான் வெறும் மருத்துவர் மட்டும் என்றால் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் நலக்குழுவின் தலைவர் நான். பயிற்சி டாக்டரின் கேள்வியைக் கேலி செய்து ஒரு உயிர் போயிற்று என்று தலைவர் மேலேயே வந்தால், அந்தக் குழு மறுநாள் இருக்காது. அந்த அறையில் மறுபடியும் பழைய படுக்கைகளை அடைத்துவிடுவார்கள். வருடத்துக்கு அறுபது எழுபது பசங்க வந்து மனசு விட்டுப் பேசுகிற இடம். அவர்கள் எல்லோரையும் கைவிடுவதா, ஒரு பெண் கொஞ்ச நாள் வருந்துவதா? அவள் சின்ன வயதுக்காரி. கொஞ்ச நாளில் தேறிவிடுவாள். பக்கத்தில் இருந்து தேற்றுவதற்கு நான் இருக்கிறேன். இப்படி யோசித்தபோது அதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் அவளை ஒரு வருடம் நிறுத்திவைக்க வேண்டும் என்றார்கள். நான் எழுந்து பேசினேன். தப்பு செய்தவளை வெளியே தள்ளுவது சுலபம், அரவணைப்பதுதான் கஷ்டம் என்றேன். அவளை என்னிடம் விடுங்கள் என்றேன். டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வேலையிலேயே வைத்துக்கொள்வது, வியாழக்கிழமைதோறும் நான் ஆலோசனை கொடுப்பது என்று முடிவாயிற்று.

ஒவ்வொரு வியாழனும் மதியம் மூன்று மணிக்கு வருவாள். அந்தத் திங்கட்கிழமையை முதலிலிருந்து சொல்லச் சொல்வேன். நடுவில் குறுக்கிட மாட்டேன். 'திருப்பிக் கேட்டேன்' என்ற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "நிச்சயமாவா?" என்பேன். முதல் வாரம் "நிச்சயம் சார்" என்றாள். இரண்டாவது வாரம் "கேட்டேன்னு நினைக்கிறேன்" என்றாள். மூன்றாவது வாரம் அந்த இடத்தில் நின்று வெகுநேரம் தரையைப் பார்த்தாள். ஐந்தாவது வாரம் அவளாகவே சொன்னாள்.

"சார், வாரத்துக்கு ஒரு நாள்னு நீங்க சொன்னது இப்ப என் காதுலயே கேக்குது சார். உங்க குரல்லயே கேக்குது. நான்தான் தப்பா எழுதியிருக்கேன்."

அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். மனைவி என்ன விசேஷம் என்பதுபோல் பார்த்தாள். ஒரு பெண் உண்மையை ஏற்றுக்கொண்டாள் என்றேன். அதைச் சொல்லும்போது அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் அவளுக்காகக் கடவுளிடம் வேண்டவும் தொடங்கியிருந்தேன். தச்சருக்காக வேண்ட விட்டுப்போயிற்று.

அதற்குப் பிறகு அவள் ரவுண்ட்ஸில் திருப்பிக் கேட்பதில்லை. வாயே திறப்பதில்லை. ரவுண்ட்ஸ் நாற்பது நிமிடம் முன்னதாகவே முடிந்தது. யாருக்கும் பொத்தான் போட்டுவிடுவதில்லை. தன் கை நோயாளி மேல் படக் கூடாது என்று நினைத்தாளாம், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தச்சரின் மனைவிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினால் மனப்பாரம் குறையும் என்று யோசனை சொன்னேன். எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். 'உங்கள் கணவரைக் கொன்றது என் கைதான்' என்று ஒரு வரி இருந்தது. நேர்மையான வரி, எடுக்க வேண்டாம் என்றேன். ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

எட்டாவது வாரம் மற்ற மருத்துவமனைகளிலிருந்தும் ஆட்களை அழைத்து ஒரு கருத்தரங்கு நடத்தினோம். 'தவறிய கையைப் பற்றுதல்' என்று நான் பேசினேன். பெயர் சொல்லவில்லை. அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. மேடைக்கு வாம்மா என்று கூப்பிட்டேன். கால் எழவில்லை சார் என்றாள். பரவாயில்லை என்று நானே இறங்கிப் போய் அவள் தோளில் கை வைத்தேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். புகைப்படம் இருக்கிறது. அதில் அவள் முகம் சரியாக விழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வார்டு சிஸ்டர் இரண்டரை மாத விடுப்பு முடிந்து ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். அவர் மனநலம் படித்தவர் இல்லை. நலக்குழுக் கூட்டம் எதற்கும் வந்ததில்லை, வார்டில் ஆளில்லை என்று சொல்லிவிடுவார். மருந்து அறைக்குள் போனபோது இந்தப் பெண் தரையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணியிருக்கிறாள். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவருடைய புகாரிலேயே எழுதியிருக்கிறார், நீங்களும் படித்திருப்பீர்கள்.

"ஏய் பொண்ணு, தலை சீவி எத்தனை நாளாச்சு?"

"தெரியல சிஸ்டர்."

"சீப்பு உன்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சா? இப்படித் திரும்பி உக்காரு."

தன் பையிலிருந்து சீப்பை எடுத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டிருக்கிறார். சிக்கெடுக்க முக்கால் மணி நேரமாம். வேலை நேரத்தில். அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், தான் தச்சரைக் கொன்றது எப்படி என்று. சிஸ்டரின் கை நின்றுவிட்டது.

"நீ கேட்டியேடி. கேட்டதுக்குத்தானே அவரு கிண்டல் பண்ணாரு. நானும் சேந்து பல்லைக் காட்டினேனே."

"இல்ல சிஸ்டர். நான் கேக்கல. எனக்கு இப்ப நல்லாத் தெரியும்."

அன்று மாலையே சிஸ்டர் என் அறைக்கு வந்தார். உட்காருங்கள் என்றேன்.

"வேணாம் சார். நின்னே பழகிட்டேன்."

ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். நான் பொறுமையாகக் கேட்டேன். பெரிய அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, வயது, இதெல்லாம் ஞாபகத்தைக் கொஞ்சம் குழப்பும், நீங்கள் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்றேன்.

"எனக்கு முட்டியிலதான் ஆபரேஷன் சார். காதுல இல்ல."

"அவ மேல உங்களுக்குப் பாசம். புரியுது."

"எனக்கு உங்களையும் புரியுது சார். பெல்ட் சார்கிட்டயும் நான் வேலை பாத்திருக்கேன். அவரு அடிச்சா எங்க வலிக்குதுன்னு பசங்களுக்குத் தெரியும். ராத்திரி உக்காந்து அவரைத் திட்டித் தீத்துட்டுத் தூங்குவாங்க. இந்தப் பொண்ணு யாரைத் திட்டும்? நீங்க அதுக்குக்கூட ஆள் விடலையே."

இத்தனை வருடத்தில் என் அறையில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. போகும்போது கதவைச் சாத்தவுமில்லை. எழுந்து போய் நான்தான் சாத்தினேன்.

மறுநாள் வியாழன், ஒன்பதாவது வியாழன். மூன்று மணிக்கு வர வேண்டியவள் காலை பதினொரு மணிக்கே வந்தாள். தலை பின்னியிருந்தது. அன்று அழவில்லை.

"சார், சிஸ்டர் என் மேல பாவப்பட்டுப் பொய் சொல்றாங்க. எனக்காக இன்னொருத்தங்க பொய் சொல்ற அளவுக்கு நான் ஆயிட்டேன். அவங்களை எதுவும் பண்ணிடாதீங்க சார். இனிமே யாரும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்காது."

ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. சிஸ்டர் சொல்வது சரி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் வரவில்லை. 'இனிமே வேண்டியிருக்காது' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பசங்களிடம் அந்த மாதிரிப் பேச்சைக் கவனியுங்கள் என்று எட்டாவது விதியில் எழுதியதே நான்தான். "சிஸ்டருக்கு நல்ல மனசும்மா. நீ எதையும் மனசுல வச்சுக்காத" என்றேன். நன்றி சொன்னாள். எழுந்து காகிதப் பெட்டியை மேசையின் நடுவில் நேராக வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மதியம் சிஸ்டர் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவளைத் தேடியிருக்கிறார். வார்டில் இல்லை. விடுதிக்குப் போயிருக்கிறார், ஊன்றுகோலோடு மூன்று மாடி ஏறி. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அந்த அறையில் மேசை மேல் என்னென்ன இருந்தது என்பது உங்கள் கோப்பில் இருக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை. சிஸ்டர் தட்டியிருக்கிறார். பதிலில்லை. கத்தவில்லை. கதவோரமாகத் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்திருக்கிறார். முட்டி வலி, தன் மருமகள் வைக்கிற குழம்பு, வார்டில் புதிதாக வந்திருக்கிற நர்ஸ் ஊசி போடுவதைவிட அதிகமாகக் கண்ணாடி பார்ப்பது, இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஒரு மணி நேரம். உள்ளே சத்தமே இல்லை. கடைசியில் சொல்லியிருக்கிறார்:

"அடியே, உக்கார்றப்ப தெரியல, இப்ப முட்டி மடங்க மாட்டேங்குது. சுவத்தைப் பிடிச்சும் எந்திரிக்க முடியல. உள்ள என்ன வேலை இருந்தாலும் அப்புறம் பாத்துக்க. முதல்ல வந்து என்னைத் தூக்கி விடு."

கதவு திறந்தது. அவள் வெளியே வந்து, இரண்டு கையையும் அவர் அக்குளுக்குள் கொடுத்து, தூக்கி நிறுத்தினாள். நோயாளியைத் தூக்குகிற முறைப்படியே தூக்கினாளாம், முதுகு வளையாமல். அதற்குப் பிறகு சிஸ்டர் அந்தக் கையை விடவே இல்லை. சாயங்காலம் அவளுடைய அப்பா லாரியோடு வந்து கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும்.

நான் அந்தச் சம்பவத்தைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு உத்தி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. சிஸ்டரிடம் கேட்டேன், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. "உத்தியா? எனக்கு நெஜமாவே எந்திரிக்க முடியல சார்" என்றார்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. சிஸ்டர் புகார் எழுதினார். நீங்கள் வந்தீர்கள். சிரித்த ஐந்து பயிற்சி டாக்டர்களில் முதலில் ஒருவருக்கு ஞாபகம் வந்தது. அவன் உங்கள் முன் அழுதான் என்று கேள்விப்பட்டேன். பிறகு மற்ற நாலு பேருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் அவளுக்கு இன்னும் வரவில்லை. சிஸ்டர் வாரம் ஒரு நாள் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். ஐந்து பேர் சொன்னதைச் சொன்னாலும் அவள் நம்பவில்லையாம். எல்லோரும் சேர்ந்து தனக்காகப் பொய் சொல்கிறார்கள் என்கிறாளாம். நேற்று சிஸ்டர் என்னை நடைபாதையில் நிறுத்தி, "நாங்க ஆயிரம் பேர் சொன்னாலும் அவ நம்ப மாட்டா சார். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா நம்புவா. அவளை அப்படித்தானே பழக்கி வச்சிருக்கீங்க" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். என்னைக் கும்பிட்டபோது அவர் முகத்தில் இருந்த வெறுப்பை நான் பொருட்படுத்தவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். மூட்டு மாத்திரையைத் தினமும் என்று சொன்னது நான். அவள் திருப்பிக் கேட்டாள், ஆமாம் என்றது நான். வாய்ப்புண்ணை அவள் வந்து சொன்னாள், போய்ப் பார்க்காமல் விட்டது நான். தச்சர் என்னால் இறந்தார். அது அவர் இறந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒன்பது வியாழக்கிழமைகளில், அவளுடைய ஞாபகத்தை அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். கடைசி வியாழன் அன்று அவள் எதற்குப் போகிறாள் என்று தெரிந்துதான் போக விட்டேன்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இந்தத் தாளை சிஸ்டரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை அந்தப் பெண் ஒரு காகிதத்தில் படித்தால் தாங்க மாட்டாள். இதையெல்லாம் பக்குவமாகச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் எனக்குக் கொடுங்கள், நானே போய் அவளை உட்கார வைத்துச் சொல்கிறேன். நிச்சயம் அழுவாள். அவளுக்கு என்னிடம் அழுதுதான் பழக்கம்.